நுரையீரல் அழற்சிக்குக் குடலில் மருந்து உண்டா?



நுரையீரல் மருத்துவனைக் கூப்பிட்டுக் குடலைப் பற்றிப் பேசச் சொல்லியிருக்கிறீர்கள். முன்பெல்லாம் இப்படி அழைப்பு வந்திருந்தால், ஆள் மாறிப்போய்க் கூப்பிட்டுவிட்டார்கள் என்றுதான் நினைத்திருப்பேன். இப்போது என் அறைக்கே இந்தக் கேள்வி வந்துவிடுகிறது. இளைப்பு நோயாளியோடு துணைக்கு வருகிற மகனோ மருமகளோ செல்பேசியை நீட்டுகிறார்கள். "சார், இந்தப் புரோபயாடிக் பவுடர் நுரையீரல் அழற்சியைக் குறைக்குமாமே, அப்பாவுக்கு வாங்கலாமா?" பக்கத்தில் உட்கார்ந்திருக்கிற அப்பா, "எனக்குத் தயிரே ஆகாது, நெஞ்சில் சளி கட்டிக்கும்" என்கிறார். ஒரே குடும்பத்தில் ஒருவருக்கு அது மருந்து, இன்னொருவருக்கு அது விஷம்.

விடையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். குடலில் வாழும் நுண்ணுயிர்களுக்கும் நுரையீரலின் அழற்சிக்கும் தொடர்பு உண்டு. அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் உயிருள்ள பாக்டீரியாக்களை அடைத்துப் புரோபயாடிக் என்று கடையில் விற்கிற ஒரு பொடி நாள்பட்ட நுரையீரல் நோயைத் தணிக்கும் என்பதற்கு மனிதர்களிடம் நம்பத்தக்க சான்று இன்னும் கிடைக்கவில்லை. இந்த இரண்டுக்கும் நடுவே எவ்வளவு தூரம் இருக்கிறது, ஏன் இருக்கிறது என்பதுதான் இன்றைய பேச்சு.

நோய் எதுவென்று முதலில் தெளிவாக்கிக்கொள்வோம். சிஓபிடி என்கிற நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோயைத்தான் நான் எடுத்துக்கொள்கிறேன். 2016 கணக்குப்படி இந்தியாவில் சுமார் ஐந்தரைக் கோடிப் பேருக்கு இந்த நோய் இருந்தது. பீடி, சிகரெட் குடிப்பவர்களின் நோய் என்றுதான் பலரும் நினைக்கிறோம். பாதி உண்மைதான். திருவள்ளூர் மாவட்டக் கிராமங்களில் புகையிலைப் புகையே அறியாத 900 பெண்களைப் போரூர் ஸ்ரீராமச்சந்திரா ஆய்வாளர்கள் சோதித்து 2011இல் முடிவை வெளியிட்டார்கள். நூற்றுக்கு இரண்டுக்கும் மேற்பட்டவர்களுக்கு நோய் இருந்தது. அவர்களில் பெரும்பாலோர் விறகடுப்பு முன் குனிந்து, ஊதுகுழல் வைத்து ஊதி ஊதி உலை கொதிக்கவைத்த பெண்கள்.

புகை உள்ளே போனதும் என்ன நடக்கிறது? காற்றுப்பைகளில் பெருவிழுங்கிகள் என்ற காவல் செல்கள் இருக்கின்றன. அவை புகைத் துகள்களை விழுங்கிவிட்டு அபாயச் சங்கு ஊதுகின்றன. சில வேதிச் சமிக்ஞைகளைக் கேட்டு நியூட்ரோஃபில் என்கிற வெள்ளணுக்கள் கூட்டமாக வருகின்றன. அவை கிருமியைக் கொல்ல வைத்திருக்கும் எலாஸ்டேஸ் என்ற நொதி, கிருமியே இல்லாத இடத்தில் காற்றுப்பையின் சுவரையே அரிக்கிறது. மூச்சுக்குழலின் உட்சுவர் தடிக்கிறது, கோழை சுரக்கும் செல்கள் பெருகுகின்றன. இதில் கொடுமை என்னவென்றால், புகையை நிறுத்திய பிறகும் பலருக்கு இந்த அழற்சி அடங்குவதில்லை. நுரையீரலோடும் நிற்பதில்லை, இரத்தத்தில் கசிந்து தொடைத் தசையைக் கரைக்கிறது, இதயத்தைத் தொடுகிறது. ஆஸ்துமாவுக்கு நன்றாகக் கேட்கிற ஸ்டீராய்டு, சிஓபிடியின் அழற்சிக்கு அரைகுறையாகத்தான் கேட்கிறது.

அப்படியானால் அழற்சியை நேரடியாக அமுக்கிவிட முடியாதா? முயன்று பார்த்தார்கள். மூட்டுவாதத்தில் நன்றாக வேலை செய்த இன்ஃப்ளிக்சிமாப் என்ற மருந்தை சிஓபிடிக்குக் கொடுத்து 2007இல் முடிவு வெளியிட்டார்கள். பயன் இல்லை, மருந்து எடுத்தவர்களிடம் புற்றுநோய் எண்ணிக்கையில் சற்றுக் கூடுதலாகவே தெரிந்தது. அழற்சி நமக்கு எதிரி மட்டும் இல்லையே, காவலும் அதுதான். அதை மொத்தமாக அணைக்காமல் மட்டுப்படுத்துகிற வழி வேண்டும் என்று ஆய்வாளர்கள் தேடியபோதுதான் பலருடைய பார்வை குடல் பக்கம் திரும்பியது.

இந்தக் கதையில் எனக்குப் பிடித்த மனிதர் ஒருவர் இருக்கிறார். எலி மெச்னிகோஃப், ரஷ்யப் பேரரசில் பிறந்த விலங்கியலாளர். 1882 கடைசியில் சிசிலித் தீவின் மெசினா நகரில் இருந்தார். வீட்டார் சர்க்கஸில் குரங்கு வித்தை பார்க்கப் போய்விட்டார்கள். இவர் நுண்ணோக்கியோடு தனியே இருந்தார். நட்சத்திர மீன் எனப்படும் கடலுயிரின் இளம்புழு கண்ணாடிபோல் தெளிவானது. உள்ளே நடப்பதெல்லாம் வெளியே தெரியும். தோட்டத்து ரோஜாச் செடியிலிருந்து முட்களை ஒடித்து அந்தப் புழுக்களின் தோலுக்கடியில் செருகிவைத்தார். அன்றிரவு தூக்கம் வரவில்லை என்று அவரே எழுதியிருக்கிறார். விடிந்ததும் போய்ப் பார்த்தால், ஒவ்வொரு முள்ளையும் சுற்றி நகரும் செல்கள் மொய்த்திருந்தன. விழுங்கு செல்களை அறிவியல் கண்டுகொண்டது அப்படித்தான். 1891இல் பாரிசில் அழற்சியைப் பற்றியே ஒரு சொற்பொழிவுத் தொடர் நிகழ்த்தினார். அழற்சி உடலின் தற்காப்பு என்பது அவர் வாதம். 1908இல் பால் எர்லிக்கோடு நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்.

இதே மனிதர்தான் புளித்த பாலின் முதல் பெரிய பிரசாரகரும். பெருங்குடலில் அழுகும் பொருள்கள் உடம்பை மெல்ல நஞ்சாக்கி முதுமையைக் கொண்டுவருகின்றன, லாக்டிக் அமிலம் சுரக்கிற பாக்டீரியாக்கள் அதைத் தடுக்கும் என்று நம்பினார். 1904இல் பாரிசில் முதுமை குறித்து ஒரு பொதுச் சொற்பொழிவு ஆற்றினார். அதற்குப் பிறகு ஐரோப்பாவில் புளித்த பாலுக்கு ஒரு மோகமே கிளம்பியது. பெருங்குடல் கெடுதல் என்ற எண்ணம் முற்றிப்போய், இங்கிலாந்தில் அர்பத்னட் லேன் என்ற அறுவை மருத்துவர் மலச்சிக்கல்காரர்களின் பெருங்குடலை வெட்டி எடுக்கிற அளவுக்குப் போனார். பொதுச் சொற்பொழிவு எவ்வளவு ஆபத்தான சங்கதி என்பதற்கு இது ஒன்றே போதும். மெச்னிகோஃப் தினமும் புளித்த பால் குடித்தார். 1916இல், 71 வயதில், இதய நோயால் இறந்தார்.

ஆக, அழற்சியின் செல்லைக் கண்டவரும், தயிருக்குக் கொடி பிடித்தவரும் ஒருவரே. ஆனால் இரண்டையும் இணைக்கிற வழி அவருக்குத் தெரிந்திருக்க வாய்ப்பில்லை. அது நூறு வருடம் கழித்துத்தான் துலங்கியது.

கருவின் நான்காவது வாரத்தில் நுரையீரல் என்று தனியாக ஓர் உறுப்பு கிடையாது. முன்குடல் என்ற குழாயின் முன்பக்கத்தில் ஒரு மொட்டு அரும்புகிறது. அதுதான் கிளைத்துக் கிளைத்து நுரையீரல் ஆகிறது. குடலும் நுரையீரலும் ஒரே குழாயின் வாரிசுகள். இரண்டின் உட்பரப்பிலும் சளிப்படலம், இரண்டிலும் வெளியுலகோடு ஓயாத உரசல். நல்ல நுரையீரலில் கிருமியே இராது என்று எங்களுக்குக் கல்லூரியில் கற்பித்தார்கள். 2010இல் மூச்சுக்குழலைத் துடைத்தெடுத்து மரபணு முறையில் சோதித்த ஆய்வு, நலமாக இருப்பவர்களிடமும் அங்கே நுண்ணுயிர்க் குடியிருப்பு உண்டு என்றும், ஆஸ்துமா, சிஓபிடி உள்ளவர்களிடம் அதன் கலவை மாறிப்போயிருக்கிறது என்றும் காட்டியது.

குடலிலிருந்து நுரையீரலுக்குச் செய்தி எப்படிப் போகிறது? நாம் சாப்பிடும் நார்ச்சத்தைச் செரிக்க நம்மிடம் நொதி இல்லை. பெருங்குடல் பாக்டீரியாக்களிடம் இருக்கிறது. அவை நாரைப் புளிக்கவைத்து அசிட்டேட், புரொப்பியோனேட், பியூட்டிரேட் என்ற சிறு கொழுப்பு அமிலங்களைச் சுரக்கின்றன. பியூட்டிரேட்டைக் குடல் சுவர்ச் செல்களே பெரும்பாலும் எரிபொருளாகத் தீர்த்துவிடுகின்றன. மிச்சத்தில் ஒரு பகுதி இரத்தத்தில் கலக்கிறது. சுவிட்சர்லாந்தின் லோசான் நகரில் பெஞ்சமின் மார்ஸ்லாந்தின் குழு 2014இல் வெளியிட்ட எலி ஆய்வு இந்தத் துறையையே புரட்டிப்போட்டது. நார்ச்சத்து மிகுந்த தீனி தின்ற எலிகளுக்கு, வீட்டுத் தூசியில் உள்ள நுண்பூச்சியால் வரும் மூச்சுக்குழல் அழற்சி குறைவாக இருந்தது. நாரே கொடுக்காமல் குடிநீரில் புரொப்பியோனேட்டை மட்டும் கலந்து கொடுத்தாலும் அதே பலன். காரணத்தைத் தேடிப் போனால் அது எலும்பு மஜ்ஜையில் இருந்தது. அங்கே பிறந்து நுரையீரலுக்குப் போகும் நோயெதிர்ப்புச் செல்களின் குணமே சாந்தமாகிவிட்டிருந்தது.

இதைப் படித்தபோது எனக்கும் மெய்சிலிர்த்தது. ஆனால் ஒன்று: அது ஒவ்வாமை அழற்சி, ஆஸ்துமா வகை. சிஓபிடியில் நியூட்ரோஃபில்தான் பெரும்பாலும் நாயகன். ஒன்றில் பலித்தது மற்றதிலும் பலிக்கும் என்று எழுதிக்கொடுக்க முடியாது.

சிஓபிடியிலும் எலிகளைப் பார்த்தார்கள். பிரேசில் ஆய்வாளர்கள் 2020இல், எலிகளுக்கு 60 நாள் சிகரெட் புகை காட்டி, லாக்டோபேசிலஸ் ராம்னோசஸ் என்ற பாக்டீரியாவை வாய்வழி கொடுத்தார்கள். நுரையீரல் அழற்சி குறைந்தது, காற்றுப்பைச் சேதமும் குறைந்தது. தைவானில் 2022இல் பாராபேக்டீராய்டிஸ் கோல்ட்ஸ்டீனி என்ற இன்னொரு குடல்வாசி பாக்டீரியா, எலிகளில் நோயைத் தணித்தது. நல்ல ஆய்வுகள்தான். ஆனால் பிரேசில் ஆய்வில் ஒரு நுணுக்கத்தைக் கவனியுங்கள்: புகை காட்டுவதற்கு ஏழு நாள் முன்பே பாக்டீரியாவைக் கொடுக்கத் தொடங்கிவிட்டார்கள். என்னிடம் வருகிறவர் இருபது வருடம் பீடி குடித்துவிட்டு, காற்றுப்பை பாதி கரைந்த பிறகு வருகிறார். வெள்ளம் வருவதற்கு முன் கரையை உயர்த்துவதும், ஊர் மூழ்கிய பிறகு மண்வெட்டியோடு வருவதும் ஒன்றல்லவே.

மனிதர்களிடம் என்ன தெரியும்? ஆஸ்திரேலியாவில் 2020இல் சிஓபிடி நோயாளிகளின் மலத்தைச் சோதித்தபோது, நலமானவர்களிடமிருந்து நுண்ணுயிர்க் கலவை தெளிவாக வேறுபட்டது. ஸ்ட்ரெப்டோகாக்கஸ் வகைகள் அந்த வேறுபாட்டில் முன்னின்றன. இத்தாலியில் புகைபிடிக்கும் ஆண்களுக்கு லாக்டோபேசிலஸ் கேசி ஷிரோட்டா கொடுத்தபோது, அவர்களின் இயற்கைக் கொல்லிச் செல்களின் வேகம் கூடியது, அது 2012. இரண்டுமே இரத்தத்திலும் மலத்திலும் தென்பட்ட மாற்றங்கள். நோயாளி இன்னும் நூறு அடி நடந்தாரா, ஆஸ்பத்திரிக்கு ஒரு தடவை குறைவாக வந்தாரா என்று இவை சொல்லவில்லை. எனக்கு வேண்டியது அந்தக் கணக்குதான். உலகெங்கும் நாங்கள் பின்பற்றுகிற கோல்டு வழிகாட்டி புரோபயாடிக்கைச் சிஓபிடி சிகிச்சையாகப் பரிந்துரைக்கவில்லை.

சிறிய ஆய்வு சிரித்துக்காட்டும், பெரிய ஆய்வு கையை விரிக்கும். நுரையீரல் துறையில் இதை இரண்டு முறை பார்த்துவிட்டோம். சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் என்ற பிறவி நுரையீரல் நோய் உள்ள குழந்தைகளுக்கு லாக்டோபேசிலஸ் ஜிஜி கொடுத்து, இத்தாலியில் 2007இல் நல்ல பலன் சொன்னார்கள். அதே குழுவினர் 2018இல் கூடுதலான குழந்தைகளிடம் செய்துபார்த்து, நோய் தீவிரமாவதும் மருத்துவமனைச் சேர்க்கையும் குறையவில்லை என்று தாங்களே வெளியிட்டார்கள். நேர்மையான அறிவியல் அது.

இரண்டாவது கதை தீவிர சிகிச்சைப் பிரிவில் நடந்தது. வென்டிலேட்டரில் இருப்பவர்களுக்கு நிமோனியா வரும். அது எங்களுக்குப் பெரிய தலைவலி. 2010இல் 138 நோயாளிகளிடம் நடந்த ஆய்வில், அதே ஜிஜி பாக்டீரியா கொடுத்தவர்களில் 19 சதவீதத்துக்கும், கொடுக்காதவர்களில் 40 சதவீதத்துக்கும் நிமோனியா வந்தது. பாதியாகக் குறைந்துவிட்டது!  பிறகு கனடா, அமெரிக்கா, சவூதி அரேபியா ஆகிய மூன்று நாடுகளில் 44 தீவிர சிகிச்சைப் பிரிவுகளைச் சேர்த்து, 2,650 நோயாளிகளிடம் பெரிய ஆய்வு நடந்தது. ஒரு வேளைக்கு ஆயிரம் கோடி பாக்டீரியா, தினம் இரண்டு வேளை, குழாய் வழியாக. 2021இல் முடிவு வந்தது. நிமோனியா வந்தவர்கள்: பாக்டீரியா பெற்றவர்களில் 21.9 சதவீதம், வெற்றுப்பொடி பெற்றவர்களில் 21.3 சதவீதம். அவ்வளவுதான். போதாததற்கு, பாக்டீரியா பெற்றவர்களில் 15 பேருக்கு அந்தப் பாக்டீரியாவே இரத்தம் போன்ற இருக்கக்கூடாத இடங்களில் முளைத்தது. மற்றக் குழுவில் ஒருவருக்கு மட்டும்.

இதைச் சொன்னதும் யாராவது கேட்பார்கள்: "ஒடிசாவில் நடந்ததே, அது பொய்யா?" பொய்யில்லை. பினாகி பாணிக்கிரகி குழுவினர் ஒடிசாக் கிராமங்களில் 4,556 பச்சிளங்குழந்தைகளை எடுத்து, ஒரு பாதிக்கு லாக்டோபேசிலஸ் பிளாண்டாரத்தோடு அதற்குத் தீனியான ஒரு சர்க்கரையையும் சேர்த்து ஏழு நாள் கொடுத்தார்கள். இரத்தத் தொற்றோ சாவோ நேர்ந்தது கொடுக்காத பக்கம் 9 சதவீதம், கொடுத்த பக்கம் 5.4. மூச்சுப்பாதைத் தொற்றும் குறைந்தது. 2017இல் வெளியான அருமையான ஆய்வு. ஆனால் அந்தக் குடல் பிறந்து சில நாளே ஆன காலி நிலம். தாய்ப்பால் குடிக்கிற குழந்தை. அந்த ஒரே ஒரு பாக்டீரியா வகை. அறுபது வருடமாகக் குடியேறிய கோடானுகோடி நுண்ணுயிர்களோடு இருக்கிற ஒரு பெரியவரின் வயிற்றுக்கு, வேறு பாக்டீரியா வைத்துத் தயாரித்த பொடியை விற்க அதைச் சாட்சிக்கு இழுப்பது நியாயமில்லை. பெயர் ஒன்றாக இருப்பதால் எல்லாப் புரோபயாடிக்கும் ஒன்றாகிவிடாது. டப்பாவில் பாக்டீரியாவின் இனப்பெயர் மட்டும் இருந்து, அதன் பின்னால் வரும் வகைக் குறியீடு இல்லாவிட்டால், அதை எந்த ஆய்வோடும் பொருத்திப் பார்க்க வழியே இல்லை.

ஆன்டிபயாட்டிக் கொடுக்கும்போது கூடவே ஒரு பொட்டலம் எழுதுவது நம் மருத்துவர்களின் பழக்கம். வயிற்றுப்போக்கைத் தடுக்க அதில் ஓரளவு நியாயம் உண்டு. ஆனால் குடலின் பழைய குடிகள் சீக்கிரம் திரும்பிவர அது உதவும் என்று நினைத்தால், இஸ்ரேலின் வைஸ்மன் நிறுவனத்தில் எரான் எலினாவ் குழு 2018இல் அதற்கு நேர்மாறாகக் கண்டது. பொட்டலம் எடுத்தவர்களின் சொந்தக் கலவை திரும்பிவர மாதக்கணக்கில் தாமதமானது; ஒன்றுமே எடுக்காதவர்களுக்கு அதைவிடச் சீக்கிரம் திரும்பியது. சிஓபிடிக்காரர்கள் வருடத்தில் பல முறை ஆன்டிபயாட்டிக் சாப்பிடுகிறவர்கள் என்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன்.

இனி நான் சொல்லப்போவதை யாரும் நிரூபிக்கவில்லை. என் கவலை மட்டும். நெதர்லாந்தில் கடுமையான கணைய அழற்சி உள்ளவர்களுக்குக் குழாய் வழியே குடலுக்குள் புரோபயாடிக் கொடுத்த ஆய்வு 2008இல் வந்தது. பாக்டீரியா பெற்றவர்களில் 16 சதவீதம் பேர் இறந்தார்கள்; பெறாதவர்களில் 6 சதவீதம். பெற்றவர்களில் ஒன்பது பேருக்குக் குடலுக்கு இரத்தம் போகாமல் திசு கெட்டது. மற்றக் குழுவில் ஒருவருக்கும் இல்லை. அதே நெதர்லாந்தில் 2014இல் வேறொரு குழு, சிஓபிடி நோயாளிகள் வீட்டு வேலை செய்யும்போதே குடல் சுவரின் செல்கள் சேதமாவதைக் காட்டியது. துணி மடிப்பது போன்ற வேலைகளே போதும். ஆக்சிஜன் பற்றாக்குறை குடலைத் தொட்டுவிடுகிறது. இந்த இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கும்போது, வீட்டில் ஆக்சிஜன் வைத்திருப்பவர், அதிக ஸ்டீராய்டு எடுப்பவர், தீவிர சிகிச்சையில் இருப்பவர் ஆகியோருக்கு இந்தப் பொடிகளை "கெடுதல் ஒன்றும் இல்லையே" என்று எழுத என் கை வருவதில்லை.

சரி, அப்பாவின் தயிருக்கு வருவோம். தயிர் சளி கட்டுமா? பாலைப் பற்றி 1990இல் ஆஸ்திரேலியாவின் அடிலெய்டில் 60 பேருக்குச் சளிக் கிருமியைச் செலுத்தியே பார்த்தார்கள். பால் அதிகம் குடித்தவர்களுக்கு மூக்குச் சளி கூடவில்லை. பால் எச்சிலோடு கலந்து தொண்டையில் கொழகொழப்பாகப் படிவதைச் சளி என்று நினைக்கிறோம். தயிரும் அப்படித்தான் என்பது என் கணிப்பு. ஆனால் ராத்திரி பத்து மணிக்கு வயிறு முட்டத் தயிர்சாதம் தின்றுவிட்டு உடனே படுத்தால், எதுக்களித்துப் புளிப்பு மேலே வரும். எதுக்களிப்பு உள்ள சிஓபிடிக்காரர்களுக்கு நோய் அடிக்கடி தீவிரமாகிறது என்று ஆய்வுகள் காட்டுகின்றன. ஆகவே பழி தயிர்மேல் இல்லை, நேரத்தின்மேல்.

இட்லி மாவு பொங்குவது பாக்டீரியாவால்தான், சந்தேகமில்லை. ஆனால் இட்லித் தட்டில் பத்து நிமிஷம் ஆவியில் வெந்தால் அவை உயிரோடு மிஞ்சுவதில்லை. இட்லி அருமையான உணவு, புரோபயாடிக் இல்லை. மோர்க்குழம்பும் கொதித்துவிட்டால் அதே கதிதான். தயிர், மோர், பழைய சோறு இவற்றில் உயிர் இருக்கும். எந்த வகை, எவ்வளவு என்பது வீட்டுக்கு வீடு மாறும். பழைய சோற்றில் இன்னொரு லாபமும் உண்டு. வடித்த சோறு ஆறும்போது அதன் மாவுச்சத்தில் ஒரு பகுதி செரிக்காத வகையாக மாறிப் பெருங்குடல் பாக்டீரியாவுக்குத் தீனியாகிறது.

நானாக இருந்தால் பாக்டீரியாவை வாங்குவதைவிட, ஏற்கெனவே உள்ளே இருப்பவற்றுக்குச் சோறு போடுவேன். அமெரிக்காவில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட நர்சுகளையும் பிற சுகாதாரத் துறையினரையும் பல வருடம் தொடர்ந்து பார்த்து 2010இல் வெளியிட்டார்கள். நார்ச்சத்து மிக அதிகம் சாப்பிட்டவர்களுக்கு, மிகக் குறைவாகச் சாப்பிட்டவர்களைவிட சிஓபிடி வரும் வாய்ப்பு மூன்றில் ஒரு பங்கு குறைவாக இருந்தது. கீரை தின்கிறவர் பொதுவாக சிகரெட்டும் குறைவாகக் குடிப்பார். அதைக் கணக்கில் கழித்துத்தான் சொன்னார்கள் என்றாலும் முழுக்கக் கழித்துவிட முடியாது. ஆனாலும் கீரை, சுண்டல், வாழைத்தண்டு, வாழைக்காய், கேழ்வரகு என்று சாப்பிடுவதில் யாருக்கும் நட்டமில்லை.

யாருக்கும் என்றா சொன்னேன்? இரண்டு பேருக்கு உண்டு. சிஓபிடியில் நுரையீரல் காற்றால் உப்பி, உதரவிதானம் தட்டையாகிக் கீழே தள்ளப்பட்டிருக்கும். ஒரே வேளையில் கொண்டைக்கடலையை அள்ளிச் சாப்பிட்டு வயிறு ஊதினால், அந்த உதரவிதானம் அசைய இடமில்லாமல் இன்னும் இளைக்கும். நாரைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுங்கள். மூன்று வேளைச் சாப்பாட்டை ஐந்தாறாகப் பிரியுங்கள். அடுத்து, எலும்பும் தோலுமாக மெலிந்துபோன நோயாளி. இவருக்கு எடை இறங்குவதே ஆபத்து. நார் வயிற்றை நிரப்பிப் பசியை அடைத்துவிடும். இவருக்கு முதலில் முட்டை, மீன், பருப்பு, நல்லெண்ணெய், பிறகுதான் கீரைக்கட்டு.

கடைசியாகக் காசு விஷயம். மாதாமாதம் பொட்டலம் பொட்டலமாகப் பொடி வாங்குகிற சிலர், இன்ஹேலர் தீர்ந்துபோய்ப் பத்து நாளாக வாங்காமல் இருக்கிறார்கள். "இழுக்கிற மருந்து பழகிப்போகும் சார்" என்ற பயம் ஒரு பக்கம். பொடி இயற்கை என்ற நம்பிக்கை மறுபக்கம். புகையை நிறுத்துவது, ஃப்ளூ தடுப்பூசி, நிமோனியா தடுப்பூசி, மூச்சுப் பயிற்சி, தினசரி நடை, சரியாக இழுத்த இன்ஹேலர். இவை நோயாளியை ஆஸ்பத்திரிக்கு வெளியே வைத்திருக்கின்றன என்பதற்குச் சான்று இருக்கிறது. கையில் இருக்கிற பணம் முதலில் அங்கே போகட்டும்.

கேள்விகளுக்கு அரைமணி நேரம் ஒதுக்கியிருப்பதாகச் சொன்னார்கள். ஒரு வேண்டுகோள். பையில் இன்ஹேலர் வைத்திருப்பவர்கள் அதை எடுத்துக்கொண்டு முதலில் வாருங்கள். எப்படி இழுக்கிறீர்கள் என்று எனக்கு ஒரு தடவை செய்துகாட்டுங்கள். தயிரைப் பற்றிய கேள்வியை அதற்கப்புறம் எடுத்துக்கொள்ளலாம்.